கால் எட்டாத வண்டி

போன மாதம் என் தங்கை மகனுக்கு வண்டி பார்க்க ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். எந்த ஷோரூம் என்று கேட்காதீர்கள். இதைப் படிக்கும், வண்டி விற்கிற உங்களில் ஒருவர் வேலை பார்க்கிற இடமாகவே இருக்கலாம். பையன் ஒரு நடுத்தர ஸ்போர்ட்ஸ் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனுக்கு அது பிடித்துவிட்டது என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. கழுத்தில் அடையாள அட்டை ஆட ஒரு தம்பி ஓடிவந்து, "இது லேடீஸ்கூட ஓட்டற வண்டி ப்ரோ. உங்க ஹைட்டுக்கு அதோ அந்தப் பெரிசுதான் செட்டாவும்" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. என் தங்கை மகன் என் காதுவரைக்கும்தான் இருப்பான். அவனுக்கு என்ன ஹைட்டு?

அங்கே சண்டை போடாமல் வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ரிட்டயர் ஆனபிறகு எதற்கு ஊர் வம்பு என்கிறார்கள். ஆயுசில் பாதியை இந்தத் தொழிலில் போட்டவளுக்கு இது ஊர் வம்பு ஆகாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் புதுச்சேரியில் ஒரு பைக் ஷோரூமில் பெண் இருக்கிறாள் என்றால், வரவேற்பு மேசையில் உட்கார்ந்து காபி வேண்டுமா என்று கேட்பவள் என்றுதான் அர்த்தம். நான் விற்பனையில் இருந்தேன். கியர் வண்டி ஓட்டுவேன். வருகிறவர்கள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார் யாராச்சும் இருக்காங்களா?" என்பார்கள். நான்தான் சார் என்பேன். அந்தக் கதைகளை ஆரம்பித்தால் முடியாது. இன்றைக்கு ஒரே ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதுவரை நம் ஊரில் வண்டி வாங்க வருகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், அவ்வளவுதான். பிறகு நூற்றைம்பது சி.சி.யில், டேங்க் பெருத்து, கைப்பிடி தாழ்ந்து, பார்த்தாலே ஓட்டத் தோன்றுகிற ஸ்போர்ட்ஸ் வண்டி வந்தது. பையன்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச காலத்தில் அதற்கும் மேலே இருநூற்றிருபது வந்தது. எடை அதிகம், சீட் உயரம், எஞ்சினில் ஓர் உறுமல். கூடவே சென்னையிலிருந்து கம்பெனி ஆள் ஒருவரும் வந்து எங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். நூற்றைம்பது கேட்டு வருகிறவனை நூற்றைம்பதோடு அனுப்பாதீர்கள், அவனுடைய கெத்தைத் தொட்டுப் பேசுங்கள் என்பதுதான் பாடம். காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தையன்று சைக்கிளையே உருட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது, சாயங்காலமானால் கடற்கரைச் சாலையில் வண்டியே விடமாட்டார்கள், இந்தக் கெத்து எந்த ரோட்டில் சார் ஓடும் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குமரவேல் வந்தார். இங்கே புதுச்சேரியில் இருக்கிற மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மோடு வந்து நிற்பார். ஆள் குள்ளம், என் தோள் உயரம்தான் இருப்பார். ஆனால் வண்டியைப் பற்றி அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். நூற்றைம்பதை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "திரும்பணும்னு நெனைக்கறதுக்குள்ள திரும்பிடுது மேடம்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நான் சொல்லாமலேயே இருநூற்றிருபதிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தார். கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. "இதுல ஏறுனா எறங்கறதுக்கு ஆள் வெக்கணும்" என்று தானே சொல்லிச் சிரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

தன் அளவு தெரிந்து வண்டி கேட்கிற ஆள் வருடத்துக்கு ஒருவர் வந்தால் அதிகம். நீல நிறத்தில் ஒரு நூற்றைம்பதை அவருக்காகத் தள்ளி நிறுத்தி வைத்தேன். பில் யார் பெயருக்கு என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. வண்டி பெண் வீட்டார் தருவது. எனக்கு முகம் மாறிவிட்டது. வேலை பார்க்கிறீர்கள், சம்பாதிக்கிறீர்கள், உங்கள் வண்டியை நீங்களே வாங்கிக்கொண்டால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, மாமா பேசி முடித்துவிட்டார் என்றார்.

அந்த மாமாவை வண்டி எடுக்கிற அன்று பார்த்தேன். தாய்மாமன். ஒரு வேனில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நம் தொழிலில் இது உங்களுக்கும் பழகியிருக்கும். ஓட்டப்போகிறவன் ஒரு மூலையில் நிற்பான், ஓட்டவே தெரியாதவர் நடுவில் நின்று வண்டி பொறுக்குவார். பெண்ணின் அப்பா எல்லாருக்கும் பின்னால், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நின்றார். மில்லில் வேலை பார்த்து, மில் மூடியபிறகு ஒரு காலேஜில் வாட்ச்மேனாக இருக்கிறவர். பெண் வரவில்லை. கல்யாணத்துக்கு முன் பெண் வரக் கூடாதாம்.

மாமா நீல வண்டியைப் பார்த்தார். இதைவிடப் பெரிதாக எது இருக்கிறது என்று கேட்டார். அவர்கள் பக்கத்து ஊரில் போன மாதம் ஒரு கல்யாணம். அது சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு நூற்றைம்பது தந்தார்களாம். தன் அக்காள் மகனுக்கு அதற்கு மேலே ஒன்று வந்தால்தான் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியும் என்றார். எவன் வீட்டு வண்டியையோ பார்த்து இவனுக்கு வண்டி!

நான் விடவில்லை. மாப்பிள்ளைக்கு அதில் குதிகால் ஊன்றாது, கொஞ்சம் சாய்ந்தால் அந்த எடையைத் தாங்க முடியாது, தினமும் நெரிசலில் வேலைக்குப் போகிறவருக்கு நூற்றைம்பதுதான் சரி என்று சொன்னேன். குமரவேலை ஏறி உட்காரச் சொல்லி அந்தக் கட்டைவிரல் நுனியைக் காட்டினேன். மாமா குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஓட்ட ஓட்ட எட்டிடும்."

கால் வளருமாம். நான் வாய் திறப்பதற்குள், அன்றைக்கும் ஷோரூமில் இருந்த சென்னைக் கம்பெனி ஆள் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு மாமாவுக்குக் கை கொடுத்தார், காபி வரவழைத்தார். நான் குமரவேலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் நான் பிடித்துக்கொள்வேன். அவர் டேங்கைத் தடவிக்கொண்டு நின்றார். பெண்ணின் அப்பா, "அவங்க சொல்றதே இருக்கட்டும்மா" என்று என்னிடமே கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

போகிற போக்கில் மாமா இன்னொன்றும் சொன்னார். சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துப் பக்கம் வைத்திருக்கிற சேலைக் கம்பி வண்டியின் அழகைக் கெடுக்கிறது, கழற்றிவிடுங்கள் என்றார். பின்னால் உட்காரப்போகிற பெண் சேலைதானே கட்டுவாள் என்று கேட்டேன். அவள் பழகிக்கொள்வாள் என்றார். அதை மட்டும் நான் கழற்றவில்லை. மெக்கானிக் சாப்பிடப் போயிருக்கிறார் என்று பொய் சொன்னேன்.

நம் ஊரில் புது வண்டி முதலில் போகிற இடம் பிள்ளையார் கோயில். விற்றவர்களில் ஒருவர் கூடப் போய் பூஜை முடியும்வரை நிற்பது எங்கள் ஷோரூமில் வழக்கம். நான்தான் போனேன். வண்டியை ஷோரூம் பையன் ஒருவன் ஓட்டிவந்து நிறுத்திவிட்டுப் போனான். ஹெட்லைட்டுக்கு மாலை போட்டு, டேங்கில் சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அர்ச்சனை யார் பேருக்கு என்று ஐயர் கேட்டார். மாமா முதலில் தன் பெயரைச் சொன்னார், பிறகு குமரவேலின் பெயரைச் சொன்னார். வண்டியை வாங்கிக் கொடுத்தவர் கை கூப்பிக்கொண்டு நின்றார். அவர் பெயரும் இல்லை, அவர் பெண்ணின் பெயரும் இல்லை.

கற்பூரம் காட்டி முடிந்ததும் குமரவேல் ஏறினார். பழத்தை நசுக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். முன்சக்கரம் பழத்தின் மேல் ஏறி வழுக்கியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அவர் காலை ஊன்றப் பார்த்தார். ஊன்றுவதற்குத் தரை கிடைக்கவில்லை. கோயில் யானையைப் பார்க்க வந்திருந்த கூட்டம் மொத்தமும் பார்க்க, மாலையோடு, குங்குமத்தோடு, வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. கைப்பிடியில் இருந்த கண்ணாடி நொறுங்கியது.

கண்ணாடி உடைந்தால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அவர் வண்டியின் உயரத்தைச் சொல்லவில்லை. தன் வாயைச் சொல்லவில்லை.

"பொண்ணு ராசிய பாத்தியா? வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆள சாய்ச்சிட்டா."

சொன்னதோடு நிற்காமல் செல்போனை எடுத்துப் பையனின் அம்மாவுக்குப் போட்டார். பூஜையிலேயே கண்ணாடி உடைந்துவிட்டது, சகுனம் சரியில்லை, இந்தச் சம்பந்தத்தை யோசிக்க வேண்டும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார். வேனில் வந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். பெண்ணின் அப்பா அவர் கையைப் பிடிக்கப் போனார். மாமா கையை உதறினார். அந்த மனிதர் சட்டென்று எதிர்க் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அப்போது வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் அடக்க முடியவில்லை. கால் எட்டாது என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். எட்டாத காலைக் குனிந்து பார்த்தவர் இவர். வண்டியைப் பொறுக்கியவர் இவர். விழுந்ததற்குக் காரணம் எங்கேயோ வேலை பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணாம்! இந்தப் பேச்சு இப்படியே ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் அவள் கல்யாணம் போச்சு. ராசி இல்லாதவள் என்கிற அந்தப் பேர் அவளைவிட்டு லேசில் போகாது.

அந்த இடத்தில் விற்பனைப் பிரதிநிதிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சாவியைக் கொடுத்தாயிற்று, பூஜை முடிந்தது, நான் ஆட்டோ பிடித்துத் திரும்பியிருக்கலாம். கம்பெனி ஆளாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். நான் பெண்ணின் அப்பாவிடம் போய், உங்கள் பெண் எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டேன். நேரு வீதியில் துணிக்கடையில், பெயர் செல்வி என்றார். பக்கத்திலேதான். கூப்பிடுங்கள் என்று என் போனைக் கொடுத்தேன்.

மாமா பாய்ந்து வந்தார். பெண்பிள்ளையை நடுத்தெருவுக்கு இழுத்து வருவதா, இதெல்லாம் எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார்.

"அவ பேர நடுத்தெருவுல இழுத்துட்டீங்க. அவளும் வந்து கேக்கட்டும்" என்றேன்.

செல்வி கடைச் சேலையோடு, தோளில் இஞ்ச் டேப் தொங்க, அரை ஓட்டமாக வந்தாள். விழுந்து கிடந்த வண்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மாமா ராசியைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார். அவள் அவரைத் தாண்டி நேராகக் குமரவேலிடம் போய், "அடி கிடி பட்டுதா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எல்லாரும் அவரைப் பார்த்தோம். நானும் அப்போதுதான் பார்த்தேன். முழங்கையில் தோல் வழண்டு ரத்தம் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் எல்லார் கண்ணும் உடைந்த கண்ணாடி மேலேயே இருந்திருக்கிறது. அவர் ஒன்றுமில்லை என்றார். அவள் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

"இந்த வண்டி நீங்க கேட்டதா?"

"இல்ல."

"கால் எட்டுதா?"

அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, எட்டவில்லை என்றார்.

"அப்பறம் ஏன் ஏறுனீங்க?"

"மாமா சொன்னாரு."

செல்வி கத்தவில்லை. கடையில் அளவு சொல்கிற மாதிரி நிதானமாகத்தான் கேட்டாள். "இப்ப என்னையே வாணாம்னு சொல்றாரு. அதுக்கும் இப்படியே நிப்பீங்களா?"

நான் தலையிடவில்லை. தலையிட நாக்கு துடித்தது. ஆனால் அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அது என் வார்த்தையாகப் போயிருக்கும். அவர் பேச வேண்டியதை அவர்தான் பேச வேண்டும். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குமரவேல் கைக்குட்டையை முழங்கையில் அழுத்திக்கொண்டு மாமாவிடம் போனார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"மாமா, வண்டி என்னாலதான் விழுந்தது. எனக்குக் கால் எட்டல. ஷோரூம்லயே சொல்லியிருக்கணும், பயந்துகினு சொல்லல. இதுல அவள இழுக்காதீங்க. கல்யாணம் நடக்கும்."

மாமா, நீயே பட்டுக்கோ என்று சொல்லிவிட்டு வேனில் போய் உட்கார்ந்தார். செல்வி அப்பாவை எழுப்பி, சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். கடையில் லேட் போடுவார்கள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டு வந்த வழியே வேகமாகப் போய்விட்டாள்.

வண்டி கிடந்தது. என் கால் அதற்கு எட்டும். நான் தூக்கி நிறுத்தி ஒரே உதையில் ஓட்டிக்கொண்டு போயிருக்க முடியும். மாமா முகத்துக்கு நேரே அதைச் செய்ய வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி மாளாது. செய்யவில்லை. அப்போதுதான் தலை நிமிர்ந்த மனிதர் பக்கத்தில் நிற்கிறார். அவர் விழுந்த வண்டியில் ஒரு பெண் ஏறிப் போனால் தெரு சிரிக்கும், அந்தச் சிரிப்பு மாமாவுக்குத்தான் சௌகரியம். மெக்கானிக்கை வரச்சொல்லி ஷோரூமுக்கு உருட்டிக்கொண்டு போனோம். நானும் குமரவேலும் பின்னாலிருந்து தள்ளினோம்.

ஷோரூமில் கம்பெனி ஆள் குதித்தார். பூஜை போட்டு விழுந்து எழுந்த வண்டியை யார் எடுப்பார்கள், விற்றது விற்றதுதான் என்றார். நான் முதலாளியிடம் நேராகவே சொன்னேன். எட்டாத கால் இந்தக் கூடத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, தெரிந்தேதான் விற்றோம், இதை மாற்றிக் கொடுக்காவிட்டால் நாளை முதல் எனக்கு இந்த மேசை வேண்டாம் என்றேன். முதலாளி அதிகம் பேசாத மனிதர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டெஸ்ட் ரைடுக்கு ஒரு பெரிய வண்டி இல்லாமல்தானே இருக்கிறோம், இது இருக்கட்டும் என்றார். கம்பெனி ஆள் சென்னைக்குப் போன் போட வெளியே போனார்.

அதற்குப் பிறகு பெரிய வண்டி கேட்டு வந்த ஒவ்வொருவரையும் அந்த வண்டியில்தான் உட்கார வைத்தேன். கால் நன்றாக ஊன்றினால், நெடுந்தூரம் ஓட்டுகிறவராக இருந்தால், மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். பெரிய வண்டி மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. நூற்றைம்பது கேட்கிறவனைக் குறைந்தவன் என்று சொல்கிற வாய் மேல்தான் பகை. உங்களுக்கு டார்கெட் இருக்கிறது, தெரியும். எனக்கும் இருந்தது. அதற்காக ஒருத்தன் தன் அளவு தெரிந்து எடுத்த முடிவை அவன் கையிலிருந்து பிடுங்காதீர்கள். வண்டியை யார் பொறுக்கினாலும் ஓட்டப்போகிறவரை ஏற்றி உட்கார வையுங்கள், பின்னால் உட்காரப்போகிறவரையும் உட்கார வையுங்கள். அவர்கள் வாயிலிருந்து வருகிறவரை பில் போடாதீர்கள்.

அடுத்த முறை வண்டி எடுக்கக் குமரவேலும் செல்வியும் அவள் அப்பாவும் மட்டும் வந்தார்கள். நீல வண்டி நான் நிறுத்தி வைத்த இடத்திலேயே இருந்தது. செல்வி பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்து, சக்கரத்தில் படாமல் சேலைக் கம்பிக்கு வெளியே நிற்கிறதா என்று பார்த்து, சரி என்றாள். பிறகுதான் பில் போட்டேன்.

பிள்ளையார் கோயிலுக்கு நானும் போனேன். அதே ஐயர்தான். மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். குமரவேல் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் இருந்தது. அர்ச்சனை யார் பேருக்கு என்று ஐயர் கேட்டார்.

"செல்வி" என்றார் குமரவேல்.

நட்சத்திரம் கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் பக்கம் திரும்பி, உன் நட்சத்திரம் என்ன என்று அவளிடமே கேட்டார்.